எருக்குழிப் புழுவின் குடல் பாக்டீரியா: தட்டில் பெரிய வளையம், ஆனால் தாள் கரையவே மாட்டேன் என்கிறது

கேட்டவர்: நாட்டுக்கல் நிலா

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கல்லூரி கோயமுத்தூரில். புராஜெக்ட் எங்கள் வீட்டு எருக்குழியிலிருந்தே கிடைத்தது. சாணியும் நறுக்கிய தென்னை மட்டையும் போட்டு அப்பா மூடி வைத்திருந்த குழியைக் கிளறியபோது, மண்வெட்டி போட்ட இடமெல்லாம் வெள்ளைப் புழு. கட்டைவிரலைவிடத் தடிமன், சுருண்டு கிடக்கும், தோல் வழியாக வால்பக்கத்துக் கறுப்பு தெரியும். காண்டாமிருக வண்டின் புழு. பக்கத்துத் தோட்டத்து மலையாளிகள் கொம்பன் செல்லி என்பார்கள். மட்டையும் சாணியும் தின்றே இப்படிக் கொழுக்கிறது என்றால் செல்லுலோஸைச் செரிக்கிற பாக்டீரியா குடலில் இருக்கத்தானே வேண்டும்? கைடும் சரி என்றார்.

புழுவை 70% எத்தனாலில் துடைத்து, பிளந்து, குடலை முழுசாக எடுத்து, சலைனில் அரைத்து, சிஎம்சி (தண்ணீரில் கரையும்படி மாற்றிய செல்லுலோஸ்) அகார் தட்டில் பரப்பி 37 டிகிரியில் வைத்தேன். மீடியத்தில் பெப்டோன், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் உண்டு. காங்கோ ரெட் சாயம் ஊற்றி உப்புக் கரைசலில் கழுவினால், சிஎம்சி வெட்டுப்பட்ட இடங்களில் மட்டும் சிவப்புத் தட்டில் வெளிறிய மஞ்சள் வளையங்கள். ஒரு காலனியின் வளையம் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும் போல அவ்வளவு பெரிசு. கிராம் பாசிட்டிவ், குச்சி வடிவம், ஸ்போர் (உறங்கும் வித்து) இருக்கிறது. பேசில்லஸாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தொல்லை அதற்கப்புறம்தான். அதே பாக்டீரியாவை, வாட்மேன் நம்பர் 1 வடிதாள் (செல்லுலோஸால் ஆனது) துண்டு போட்ட குழாயில் விட்டால் குழாய் நன்றாகக் கலங்குகிறது, தாள் போட்டது போட்டபடியே நிற்கிறது. தென்னை நார்த்தூளிலும் ஒரு மாற்றமும் இல்லை. வெட்டுப்பட்டு வரும் சர்க்கரையை நிறத்தால் காட்டுகிற டிஎன்எஸ் சோதனையில் சிஎம்சி குழாய் ஆரஞ்சு, சிவப்பு என்று போகிறது. தாள் குழாய்க்கும் வெறும் குழாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வளையம் பொய்யா? இல்லை நான் வேறு ஏதாவது செய்து பார்க்க வேண்டுமா? அப்பா வேறு, "அந்த மருந்தை எப்ப மட்டைக் குவியல்ல ஊத்தப் போறே?" என்று தினம் கேட்கிறார்.

---

கயிறு மில் பொள்ளாச்சி

தங்கச்சி, அது மட்டும் வேலை செய்தால் முதல் கேன் எனக்கு. மில் வாசலில் நார்த்தூள் மலை மாதிரி கிடக்கிறது, மழை பெய்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடி பக்கத்துக் கிணற்றுக்காரர் சண்டைக்கு வருகிறார். போன வருஷம் ஒருத்தர் வந்து, பூச்சிக் குடலிலிருந்து எடுத்த பாக்டீரியா, தெளித்தால் பதினைந்து நாளில் எரு என்று விற்றுவிட்டுப் போனார். தெளித்தோம். வாசனை மாறியது, தூள் மாறவில்லை. அதனால் இந்த விஷயம் தெரிந்தவர்கள் யாராவது எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.

---

பழைய லேப்காரன், கோபாலபுரம்

நிலா, ஒரு கல்லூரி நுண்ணுயிரியல் லேபில் தட்டு ஊற்றியும் ஆட்டோகிளேவ் ஓட்டியும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மாதிரி வளையத்தோடு ஓடி வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வளையம் நிஜம். அது சொல்கிற சேதிதான் சின்னது.

சிஎம்சி என்பது செல்லுலோஸ் சங்கிலியில் கார்பாக்ஸிமெத்தில் தொகுதிகளை ஒட்டவைத்து, தண்ணீரில் கரையும்படி செய்த சரக்கு. பற்பசையையும் ஐஸ்கிரீமையும் கெட்டிப்படுத்தப் போடுவது அதைத்தான். அதில் சங்கிலிகள் தனித்தனியாக மிதக்கின்றன. வாட்மேன் தாளில் அதே சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று இறுகி, படிகமாக அடுக்கி நிற்கின்றன. உங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்வதானால், பிரித்துப் போட்ட தும்பை யார் வேண்டுமானாலும் அறுக்கலாம், முறுக்கிய வடத்தை அறுப்பது வேறு வேலை.

அந்த வேலைக்கு மூன்று வகை என்சைம் சேர வேண்டும். எண்டோகுளுக்கனேஸ் சங்கிலியை நடுவில் எங்காவது வெட்டும். எக்ஸோகுளுக்கனேஸ், அதாவது செல்லோபயோஹைட்ரோலேஸ், வெட்டிய முனையைப் பிடித்து இரண்டிரண்டு குளுக்கோஸாக, செல்லோபயோஸாக, கழற்றிக்கொண்டே போகும். பீட்டா குளுக்கோசிடேஸ் அந்த ஜோடியைப் பிரித்துக் குளுக்கோஸாக்கும். கடைசி ஆள் இல்லாவிட்டால் செல்லோபயோஸ் தேங்கி முன்னிரண்டு பேரின் வேலையையும் அமுக்கிவிடும். காங்கோ ரெட் தட்டில் தெரிவது முதல் ஆள் மட்டும். நீங்கள் பிடித்திருப்பது பேசில்லஸ் என்றால் பெரும்பாலும் அவனிடம் எண்டோதான் இருக்கும், படிகத்தை உரிக்கிற எக்ஸோ இருக்காது. தாள் அப்படியே நின்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

காங்கோ ரெட் முறையை டீதர், வுட் இருவரும் 1982-ல் எழுதியபோது, மாட்டின் ரூமன் என்கிற முதல் இரைப்பையின் பாக்டீரியாக்களில் எது செல்லுலோஸ் பக்கம் போகிறது என்று விரைவாகப் பொறுக்கத்தான் எழுதினார்கள். பொறுக்கி எடுக்க அருமையான முறை. அதையே முடிவாக எழுதி, வளையத்தின் விட்டத்தை அட்டவணை போட்டு, "உயிரி எரிபொருளுக்கு உகந்தது" என்று கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிடுவதுதான் நம் ஊர் புராஜெக்ட்டுகளின் வழக்கம். நீங்கள் தாளைப் போட்டுப் பார்த்தீர்களே, அதற்கே பாதி மதிப்பெண் தரலாம்.

தாளை அளக்கிற முறையை எழுதியவர் நம் டில்லி ஐஐடியின் கோஷ். 1987-ல் சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயுபிஏசி சார்பில் வந்தது. 50 மில்லிகிராம் வாட்மேன் தாள், 50 டிகிரி, ஒரு மணி நேரம், அதற்குள் 2 மில்லிகிராம் குளுக்கோஸ் வர எவ்வளவு என்சைம் வேண்டும் என்று பார்ப்பது. இது டிரைக்கோடெர்மா ரீசை மாதிரி பூஞ்சைகளின் என்சைமுக்கு வைத்த அளவு. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மக்கிப் போக, அங்கிருந்து எடுத்த பூஞ்சை அது. சுரக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் செல்லோபயோஹைட்ரோலேஸ். இன்றும் தொழிற்சாலை செல்லுலேஸில் பெரும்பங்கு அதன் வம்சம்தான். உங்கள் பேசில்லஸை அதோடு ஓடவிட்டால் தோற்காமல் என்ன செய்யும்?

இனி, குழாய் கலங்கிய விஷயம். மீடியத்தில் பெப்டோன் இருக்கும்போது எந்த பாக்டீரியா தாளைத் தேடிப் போகும்? கலங்கல் பெப்டோன் தின்றதற்குச் சாட்சி, அவ்வளவுதான். உப்புகள், கொஞ்சம் அமோனியம் சல்ஃபேட், பேருக்கு ஒரு சிட்டிகை ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், கார்பனுக்குத் தாள் மட்டும் என்று வைத்துப் பாருங்கள். 37 டிகிரியையும் விடுங்கள், அது மனுஷ உடம்பின் சூடு. புழுவுக்கு 30 போதும்.

ஆனால் நான் முக்கியமாகக் கேட்க நினைத்தது வேறு. முழுக் குடலையும் ஒன்றாக அரைத்துவிட்டீர்கள். அடுத்த தடவை புழுவை ஐஸில் கொஞ்ச நேரம் வைத்து அசையாமல் ஆக்கிவிட்டு, தலையையும் கடைசி வளையத்தையும் வெட்டி, முதுகுப்பக்கத் தோலை நீளமாகக் கிழித்துப் பாருங்கள். நேராக ஓடுகிற நடுக்குடல் தெரியும். அதன் பின்னால் திடீரென்று உப்பி, கறுப்பாக, நிறைந்த பையாகப் பின்குடல் தொங்கும். இரண்டிலும் பிஹெச் தாளைத் தொட்டுப் பாருங்கள். இந்த ஸ்காராப் குடும்பப் புழுக்களின் நடுக்குடலில் பிஹெச் 10-ஐத் தாண்டுவதுண்டு, பின்குடல் நடுநிலைக்குப் பக்கம் வந்துவிடும். தாடையால் அரைத்தது காரத்தில் ஊறி இளகி, அதன் பிறகு பின்குடல் பையில் நாள்கணக்கில் கிடந்து புளிக்கிறது. அந்தப் பையின் நடுவில் ஆக்ஸிஜன் கிடையாது. இந்தப் புழுக்கள் மீத்தேன் விடுகின்றன என்பதே அதற்குச் சாட்சி. நீங்கள் திறந்த தட்டில் வளர்த்தீர்கள், அதில் வருகிறவர்கள் காற்றைத் தாங்குகிறவர்கள் மட்டும். உள்ளே நிஜமாக உழைக்கிற கூட்டம் உங்கள் தட்டை எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

இன்னொன்று. புழு தின்றது மாட்டுச் சாணி. அதில் மாட்டுக் குடல் வழியாக வந்த பாக்டீரியாவும் பேசில்லஸ் ஸ்போரும் ஏராளம். ஸ்போர் புழுவின் வாயில் நுழைந்து பின்னால் வெளியே போகும்வரை தூங்கிக்கொண்டே கூடப் போகும். உங்கள் பெரிய வளையக்காரன் புழுவின் குடியானவனா, வழிப்போக்கனா? அதே குழியின் சாணியையும் ஒரு தட்டில் பரப்பினால் தெரிந்துவிடும்.

முன்னுரையில் கரையானைப் பற்றி எழுதுவீர்கள், எல்லோரும் எழுதுகிறார்கள். நம் வரப்பில் புற்று வைக்கிற கரையான் பூஞ்சைத் தோட்டம் வளர்த்துச் சாப்பிடுகிறது. மழைக்கு அப்புறம் நாம் பறித்து வந்து குழம்பு வைக்கிற புற்றுக் காளான் அந்தத் தோட்டத்தின் தலைதான். மரத்துக்குள் வாழும் பழைய வகைக் கரையான்களின் குடலில் புரோட்டோசோவாக்கள் வேலை செய்கின்றன. அவற்றை அழித்துவிட்டால் கரையான் மரம் தின்றுகொண்டே பட்டினியால் சாகும் என்று கிளீவ்லண்ட் 1920-களில் காட்டினார். 1998-ல் கரையானின் சொந்த மரபணுவிலேயே ஒரு செல்லுலேஸ் இருப்பதை ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவின் பங்கு பெரிசு என்று தெளிவாகத் தெரிந்தது 2007-ல், கோஸ்டாரிகாவின் நாசுடிடெர்மிஸ் கரையானின் பின்குடல் டிஎன்ஏவை மொத்தமாக வாசித்தபோது. அதனால் "பூச்சிக் குடல் என்றால் பாக்டீரியா" என்று ஒரே வரியில் தாண்டாதீர்கள், வைவாவில் பிடித்துக்கொள்வார்கள்.

கயிறு மில் தம்பிக்கு: நார்த்தூளில் லிக்னின், அதாவது மரத்துக்குக் கெட்டித்தன்மை தருகிற சரக்கு, மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம். செல்லுலோஸ் அதற்குள் புதைந்து கிடக்கிறது. லிக்னினை உரிக்க சிப்பிக் காளான் மாதிரி வெண்ணழுகல் பூஞ்சை வேண்டும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற வழி, டன்னுக்கு 5 கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்து. நிழலில் 100 கிலோ தூள் பரப்பி ஒரு புட்டி வித்து, அதன் மேல் 100 கிலோ தூள் பரப்பி ஒரு கிலோ யூரியா, இப்படி மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு மாதத்தில் கறுத்துவிடும். கேனில் வந்த பாக்டீரியாவைத் தெளித்து அது நடக்கவில்லை என்பதில் விந்தை ஒன்றும் இல்லை.

---

மீனாட்சிபுரத்துக் கவுண்டர்

கண்ணு, நீ சோதனைக்கு எடுத்ததுபோக மிச்சப் புழுவைக் குழியிலேயே போட்டுவிடாதே. புழு மரத்தை ஒன்றும் செய்யாது, வாஸ்தவம். அது வண்டாகி எழுந்தால் குருத்துக்குள் துளைத்துக்கொண்டு போய்ச் சாறு குடிக்கும். அப்புறம் விரிகிற மட்டையெல்லாம் கத்தரியால் வெட்டின மாதிரி முக்கோணம் முக்கோணமாக வரும். எங்கள் தோட்டத்தில் கள்ளு இறக்க ஏறுகிறவரே இடுப்பில் ஒரு கொக்கிக் கம்பி வைத்திருக்கிறார், ஓட்டையில் விட்டு வண்டைக் குத்தி இழுத்துப் போட்டுவிடுவார். கள்ளு மரம் இல்லாத தோட்டத்தில் அதுக்கென்று யார் ஏறுவது? குருத்து மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து போடச் சொல்.

இன்னொன்றும் கேள். உன் அப்பன் குழிக்குப் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை விட்டிருக்கிறாரா என்று கேட்டுக்கொள். நான் விடுகிறேன். அந்தப் பூஞ்சை பிடித்த புழு விறைத்து, முதலில் வெள்ளை பூத்து, அப்புறம் பாசி நிறமாகிவிடும். அந்தக் குழிப் புழுவை எடுத்தாயானால் உன் தட்டில் எது புழுவோடது, எது மருந்தோடது என்று குழம்பிப் போகும். மருந்து வேண்டுமென்றால் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம்.

---

நாட்டுக்கல் நிலா (சில வாரங்கள் கழித்து)

எல்லோருக்கும் நன்றிங்க. ஐயா, அப்பா பூஞ்சை எதுவும் விடவில்லையாம். இனி விடுவதாகச் சொல்லியிருக்கிறார், கொக்கிக் கம்பியும் வாங்கியாகிவிட்டது.

லேப்கார சார், நடந்ததைச் சொல்கிறேன். சாணியைத் தட்டில் பரப்பினேன். அதிலும் அதே ஓரம் நெளிந்த, மங்கலான வெள்ளைக் காலனி, அதே பெரிய வளையம். நுண்ணோக்கியிலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் மனசு விட்டுப் போச்சு. ஆனால் பிஹெச் தாளை நீங்கள் சொன்ன மாதிரி தொட்டுப் பார்த்தேன். நடுக்குடலில் கருநீலம், பின்குடல் பையில் பச்சை. கைடே எழுந்து வந்து பார்த்தார்.

அப்புறம் சாணி சம்பந்தமே இருக்கக் கூடாது என்று, போன காற்றில் சாய்ந்து மக்கிக் கிடந்த தென்னை மரத்தைப் பிளந்து அதிலிருந்த புழுக்களை எடுத்தேன். பின்குடலை மட்டும் தனியாக எடுத்து, ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பியில், கொதிக்க வைத்து ஆற்றிய மீடியத்தில் விட்டேன். மிச்ச ஆக்ஸிஜனைப் போக்க சிஸ்டீன் சேர்த்து, அது போனதைக் காட்டும் ரெசசூரின் சாயம் இளஞ்சிவப்பிலிருந்து நிறமற்றுப் போன பிறகுதான். கார்பனுக்குத் தாள் மட்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தாளின் ஓரம் மஞ்சளாகி, சொரசொரப்பாகி, குப்பியைச் சாய்த்தால் பஞ்சு மாதிரி பிரிந்து அடியில் இறங்கியது. குடல் சரக்கு விடாத குப்பியில் தாள் விறைப்பாகவே இருக்கிறது.

அதைப் புதுக் குப்பிக்கு மாற்றினால் மறுபடியும் தாளைத் தின்கிறது. தனித்தனிக் காலனியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தாளோடு விட்டால் ஒன்றும் தின்பதில்லை. புராஜெக்ட்டுக்குப் "பாக்டீரியாவின் பெயர்" வேண்டும் என்கிறார்கள். எந்தப் பெயரைப் போடட்டும்?

---

பழைய லேப்காரன், கோபாலபுரம்

பெயரை விடுங்க, உங்களிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. சேர்ந்தால் தின்கிறது, பிரித்தால் நிற்கிறது. ஒருத்தன் வெட்டுவான், ஒருத்தன் செல்லோபயோஸைக் காலி செய்வான், இன்னொருத்தன் ஹைட்ரஜனை இழுத்துக்கொள்வான், யாரோ ஒருத்தன் மற்றவனுக்கு வைட்டமின் தருவான். எவன் எது என்று ஒரு செமஸ்டரில் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கவும் வேண்டாம். தலைப்பில் "தனிமைப்படுத்துதல்" என்று இருந்தால் "செறிவூட்டிய கலவை" என்று மாற்ற அனுமதி கேளுங்கள். ரூமனையும் கரையானையும் ஆராய்ந்த ஹங்கேட் காற்றில்லாக் குழாய் முறையை உருவாக்கியதே, திறந்த தட்டில் வராத இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கத்தான். அவர் பெயரைச் சொன்னால் எக்ஸாமினர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

சாணித் தட்டின் முடிவையும் மறைக்காமல் போடுங்கள். பேசில்லஸை வீசிவிட வேண்டாம். எஸ்குலினும் ஃபெரிக் சிட்ரேட்டும் போட்ட தட்டில் அவனைக் கீறிப் பாருங்கள். சுற்றிலும் கறுத்தால் பீட்டா குளுக்கோசிடேஸ் உண்டு என்று ஒரு வரி எழுதலாம். செலவு குறைவு, மறுநாளே பதில். சாணிக்காரனும் புழுக்காரனும் ஒருத்தன்தானா என்று தெரிய வேண்டுமானால் இரண்டுக்கும் பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசை பார்க்கக் கல்லூரியில் பணம் கேளுங்கள். ஒன்றேதான் என்று வந்தால் அதுவும் முடிவுதான்.

அப்பாவிடம் ஊற்றுகிற மருந்து எதுவும் இல்லை என்று இப்போதே சொல்லிவிடுங்கள். குப்பிக்குள் புழுவின் தாடையும் இல்லை, பிஹெச் 10 குடலும் இல்லை. காற்றாடும் மட்டைக் குவியலில் இந்தக் கூட்டம் ஒரு நாள் தாங்காது. மட்டையைத் துண்டு போட்டுச் சாணிக் கரைசலில் நனைத்துச் சிப்பிக் காளான் வித்து தூவட்டும், அது நடக்கும்.

கலவையைக் கிளிசராலில் கலந்து இரண்டு மூன்று குப்பிகளாக டீப் ஃப்ரீசரில் போட்டு வையுங்கள், ஹாஸ்டல் கரண்ட்டை நம்ப வேண்டாம், துறையின் ஃப்ரீசரில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் குப்பிகளில் வாயு சேரும், ரப்பர் மூடி உப்பியிருந்தால் கையால் திறக்காதீர்கள். எரிந்துகொண்டிருக்கும் பர்னர் எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்து, ஸ்டெரைல் ஊசியால் குத்தி வாயுவை விட்டுவிட்டு அப்புறம் மாதிரி எடுங்கள்.